பாடம் வீட்டுக்கு வந்துவிட்டது, பயிற்சிதான் இன்னும் வரவில்லை: ஒன்ராறியோ தாதியக் கல்விநிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் ஒன்ராறியோவில் ஆர்.பி.என் (Registered Practical Nurse) தாதியரை ஆர்.என் (Registered Nurse) நிலைக்குக் கொண்டுபோகும் பிரிட்ஜிங் படிப்புகளை நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும்,

வணக்கம். நான் டொரொன்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் ஆர்.பி.என் ஆக வேலை செய்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்று சொல்லித்தான் இந்தப் படிப்புகளுக்கு எங்களை அழைக்கிறீர்கள். அந்தப் படிப்பின் கிளினிக்கல் பயிற்சியையும் (மருத்துவமனை போன்ற இடங்களில் நேரில் நின்று பழகுவது) வேலையில் இருக்கிற ஒருத்தி செய்து முடிக்கக்கூடிய மாதிரி அமைத்துத் தாருங்கள். இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகங்களுக்கு வரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், எங்கள் இல்லங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் பலர் அடுத்த படிக்குப் போவதா வேண்டாமா என்று வருடக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் அவர்களுடைய வீட்டுக்காரரும் இதை வாசிக்க வேண்டும்.

தாதியத் துறையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இந்த மாகாணத்தில் ஆர்.பி.என், ஆர்.என் இரண்டு பேரும் பதிவுபெற்ற தாதியர்தான். இருவருக்கும் அனுமதி கொடுப்பது ஒன்ராறியோ தாதியர் கல்லூரி என்கிற ஒரே ஒழுங்குமுறை அமைப்பு. ஆர்.பி.என் ஆவதற்கு சமுதாயக் கல்லூரியில் சுமார் இரண்டு வருட டிப்ளோமா போதும். ஆர்.என் ஆக 2005 தொடக்கம் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயம். தேர்வும் வேறு வேறு: ஆர்.பி.என்களுக்கு 2022 முதல் ரெக்ஸ்-பி.என், ஆர்.என்களுக்கு 2015 முதல் என்கிளெக்ஸ்-ஆர்.என். நோயாளியின் நிலை சிக்கலாக, இன்ன நேரத்தில் இன்னது நடக்கும் என்று சொல்ல முடியாததாக ஆக ஆக, பொறுப்பு ஆர்.என் பக்கம் போகும். சம்பளமும் அப்படித்தான்.

எங்களில் பலர் வந்த பாதை ஒரே மாதிரியானது. வந்த புதிதில் தொழிற்சாலை அல்லது கடை, பிறகு பி.எஸ்.டபிள்யூ (தனிநபர் பராமரிப்பு உதவியாளர்) சான்றிதழ். குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டிப் பல வருடம். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் கல்லூரிக்குப் போய் ஆர்.பி.என். அதோடு நின்றுவிடுகிறார்கள். படிக்க விருப்பமில்லாமல் நின்றவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இரவு ஷிஃப்டில் எங்கள் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எனக்குப் பொறுப்பாக ஒரு பகுதி, அதில் 32 பேர். இதய பலவீனம் உள்ள ஒரு பாட்டி நள்ளிரவில் தலையணையில் சாய முடியாமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மூச்சு வேகமாக இருக்கிறது. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறது. விரலில் மாட்டிய கருவி ஒட்சிசன் 86 என்று காட்டுகிறது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் அடிப்பக்கத்தில் கரகரப்புக் கேட்கிறது. படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, உத்தரவில் உள்ளபடி ஒட்சிசன் வைத்து, இந்தக் கிழமை எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, பொறுப்பிலிருக்கும் ஆர்.என்னை அழைக்கிறேன். அவர் வேறு மாடியில் விழுந்துவிட்ட ஒருவரோடு நிற்கிறார். முடிந்தவுடன் ஓடி வருகிறார், பார்க்கிறார், டொக்டரோடு பேசுகிறார், உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்றும் ஃபுரோசமைட் மருந்துக்கு உத்தரவு வருகிறது, நான் கொடுக்கிறேன்.

அவருக்குத் தெரிந்த எல்லாம் எனக்கும் தெரியும் என்று நான் சொல்லவில்லை. வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஒருவர் பிரிட்ஜிங் படிப்பில் நோய்க்கூற்றியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த மருந்து உடம்பிலிருந்து பொட்டாசியத்தை எப்படி வெளியேற்றுகிறது, அடுத்த நாள் இரத்தப் பரிசோதனை ஏன் கேட்கிறார்கள், சிறுநீரகம் பழுதானவருக்கு ஏன் கணக்கு மாறுகிறது என்றெல்லாம் இடைவேளையில் எனக்குப் படம் போட்டு விளக்கினார். வருடக்கணக்காகக் கையால் கொடுத்துவந்த மாத்திரையை அப்போதுதான் அவர் முழுதாகப் புரிந்துகொண்டார். அந்தப் படிப்பின் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் அது எங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

மாகாணத்துக்கும் இது தேவை. நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒவ்வொன்றிலும் 24 மணி நேரமும் குறைந்தது ஒரு ஆர்.என் கடமையில் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2021இல் வந்த புதிய சட்டம், ஒரு குடியிருப்பாளருக்கு ஒரு நாளைக்குச் சராசரி நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கையும் வைத்தது. ஆர்.என் கிடைக்காமல் ஏஜென்சியிலிருந்து ஆளெடுத்து ஷிஃப்டை நிரப்புவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். வந்தவருக்கு எந்த அறையில் யார் என்றே தெரியாது. பக்கத்தில் நிற்கும் ஆர்.பி.என்னுக்கோ ஒவ்வொருவருடைய விழுங்கும் சிரமமும் தெரியும், மகளின் தொலைபேசி எண்ணும் தெரியும்.

சரி, படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். நோர்த் பேயில் உள்ள நிப்பிசிங் பல்கலைக்கழகம் வேலையிலிருக்கும் ஆர்.பி.என்களுக்கென்றே, பாடங்களை இணையத்திலும் பயிற்சியை நேரிலுமாக ஒரு பகுதிநேரப் படிப்பை உருவாக்கியது. எங்களுக்குப் பக்கத்தில், ஒஷாவாவில், ஒன்ராறியோ டெக் பல்கலைக்கழகத்திலும் பிரிட்ஜிங் இருக்கிறது. ஆல்பேர்ட்டாவில் அதபாஸ்கா பல்கலைக்கழகம் அங்குள்ள எல்.பி.என்களுக்கு (அங்கே எங்களைப் போன்றோருக்கு அதுதான் பெயர்) பட்டப்படிப்பைப் பெரும்பாலும் தொலைவிலிருந்தே தருகிறது. புள்ளிவிவரமோ ஆய்வுமுறையோ நுண்ணுயிரியலோ, பிள்ளைகள் படுத்த பிறகு சமையலறை மேசையில் இருந்து படிக்கலாம். அந்தப் பாதி வேலை நடந்துவிட்டது. நன்றி.

மற்றப் பாதியான நேரடிப் பயிற்சிதான் எங்களை விழுத்துகிறது. ஒரு கல்விநிலையத்தின் பெயரைச் சொல்லிக் குறை கூறுவது என் நோக்கமில்லை. வெவ்வேறு இடங்களில் படித்த, படிப்பைப் பாதியில் விட்ட தோழிகளிடம் கேட்டதில் எல்லாரும் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வேலை செய்யும் இல்லத்தில் ஷிஃப்ட் அட்டவணை பல வாரங்களுக்கு முன்பே ஒட்டப்பட்டுவிடும். மாற்ற வேண்டுமென்றால் இன்னொருவரைக் கெஞ்சிப் பிடிக்கவேண்டும். பிளேஸ்மென்ட், அதாவது பயிற்சிக்கு ஒதுக்கும் இடம், எங்கே, எந்த நாட்கள் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. சில வேளை பருவம் தொடங்க ஒன்றிரண்டு கிழமை இருக்கும்போதுதான் வருகிறது. வந்தால் கிழமை நாட்களில் பகல் நேரம். இரவு ஷிஃப்ட் முடித்து, 401 நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் ஓட்டிப்போய், கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு புது மருத்துவமனை வார்டில் நிற்பது ஆபத்து. எங்களுக்கும் ஆபத்து, அங்கே படுத்திருப்பவருக்கும் ஆபத்து. அப்படிச் செய்யாதவர்கள் ஷிஃப்டுகளை விடுகிறார்கள். முழுநேர வேலையிலிருந்து பகுதிநேரத்துக்கு இறங்குகிறார்கள். அதோடு குடும்பத்தின் பல், மருந்து காப்புறுதி போய்விடுகிறது. பயிற்சி நேரத்துக்குச் சம்பளமும் இல்லை.

அப்புறம் அந்தக் காகிதக் கட்டு. பொலிஸ் சான்று, இரட்டைக் காசநோய்ப் பரிசோதனை, ஹெபடைற்றிஸ் பி இரத்த அளவு, என்95 மாஸ்க் பொருத்தம், சி.பி.ஆர். இவ்வளவும் என் வேலைத்தலத்தில் என் கோப்பில் இருக்கிறது. அவை இல்லாமல் என்னை ஒரு நாள்கூட வேலைக்கு விடமாட்டார்கள். ஆனாலும் மாணவி என்ற பெயரில் போகும்போது எல்லாவற்றையும் புதிதாக எடு, புதிதாகக் காசு கட்டு என்கிறார்கள். ஒரு சான்று பிந்தினால் அந்தப் பருவத்துப் பிளேஸ்மென்ட்டே போய்விடும். அது அடுத்து எப்போது வரும் என்றால், பெரும்பாலும் அடுத்த வருடம்.

இதையெல்லாம் சொல்லும்போது சிலர், "அப்படியானால் பயிற்சியே இல்லாத இணையப் படிப்பு வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்த வழியை அமெரிக்கா பார்த்துவிட்டது. நியூ யோர்க்கின் எக்ஸெல்சியர் கல்லூரி (இப்போது பல்கலைக்கழகம்), எல்.பி.என்களும் மற்ற சுகாதாரப் பணியாளர்களும் தொலைவிலிருந்தே படித்து ஆர்.என் ஆக வழி செய்தது. அங்கே மேற்பார்வையோடு பருவம் பருவமாக மருத்துவமனைப் பயிற்சி அப்போது இருக்கவில்லை. கடைசியில் ஒரு மருத்துவமனையில் இரண்டரை நாள் நீளும் செய்முறைத் தேர்வு ஒன்றுதான் இருந்தது. நல்ல தாதியர் பலர் அந்த வழியாக வந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் மேற்பார்வையிட்ட பயிற்சி இல்லை என்ற காரணத்தால் 2003இல் கலிபோர்னியாவின் தாதியர் வாரியம் அந்தப் பட்டதாரிகளுக்குக் கதவை மூடியது. படித்து முடித்தவர்கள் ஒரு மாநிலத்தில் தாதி, இன்னொன்றில் இல்லை என்றானார்கள். எங்கள் பட்டத்தை யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது. பிரசவ வார்டும் மனநலப் பிரிவும் தீவிர சிகிச்சையும் நாங்கள் நேரில் நின்று பழகவேண்டியவை. ஒரு மணி நேரத்தையும் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

கேட்பது இதுதான். ஒரு பாடத்துக்குப் பதிவுசெய்யும் நாளிலேயே அதன் பயிற்சி எந்த வாரங்களில், எந்த நாட்களில் என்று சொல்லுங்கள். மருத்துவமனைகளோடு பேசி மாலை நேர, வார இறுதி இடங்களை எங்கள் படிப்புகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். நோயாளி சனி, ஞாயிறும் அங்கேதான் இருக்கிறார். வேலைத்தலம் கையொப்பமிட்டுத் தரும் தடுப்பூசி, மாஸ்க் ஆவணங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். முதியோர் பராமரிப்பு, தலைமைத்துவம் போன்ற பாடங்களின் பயிற்சியை, எங்கள் வேலைத்தலத்திலேயே வேறு பிரிவில், எங்களுக்கு மேலதிகாரியாக இல்லாத ஒரு ஆர்.என்னின் வழிகாட்டலில் செய்ய விடுங்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நீங்கள் புருவத்தை உயர்த்தலாம். ஆனால் இது புதிய யோசனை இல்லை. 2022 ஜனவரியில் தாதியர் கல்லூரியும் ஒன்ராறியோ ஹெல்த் அமைப்பும் சேர்ந்து, வெளிநாட்டில் படித்த தாதியர் இங்குள்ள மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ ஒரு தாதியின் மேற்பார்வையில் வேலை பழகி, பதிவுக்கு வேண்டிய அண்மைக்கால வேலை அனுபவத்தையும் மொழித்திறனையும் காட்டும் திட்டத்தைத் தொடங்கின. இலங்கையிலும் இந்தியாவிலும் தாதியாக இருந்துவிட்டு இங்கே வந்து காத்திருந்தவர்களுக்கு அது நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். வேலைத்தலத்திலேயே, மேற்பார்வையோடு, ஒரு தாதி தன் தகுதியைக் காட்ட முடியும் என்று அங்கே ஏற்றுக்கொண்டாயிற்று. இந்த மாகாணத்திலேயே படித்து, இங்கேயே பதிவுபெற்று, இங்கேயே வருடக்கணக்காக உழைக்கும் எங்களுக்கு மட்டும் ஏன் அது பொருந்தாது?

பணத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, அது அமைச்சின் பொறுப்பு. ஆனால் உங்கள் குரல் அங்கே கேட்கும் என்பதால் இரண்டு சொல். ஆர்.பி.என்களின் சங்கமான வி-ஆர்.பி.என் வழியாகக் கிடைக்கும் பிகின் உதவித்தொகை, ஆர்.என் ஆகப் படிக்கும் ஆர்.பி.என்னுக்கு ஆண்டுக்கு 10,000 டொலர் வரை தருவதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. படித்து முடித்ததும் பராமரிப்புத் துறையில் வேலை செய்யவேண்டும் என்பது நிபந்தனை. நல்ல திட்டம். தெரியாதவர்கள் இன்றே விசாரியுங்கள். ஆனால் அது படிப்புச் செலவுக்கு ஆகும், விட்ட ஷிஃப்டுகளுக்கு ஆகாது. மாகாணத்தின் மாணவர் நிதியுதவித் திட்டமான ஓசாப்பில் முழுநேர மாணவியாகக் கணக்கிட, முழுப் பாடச்சுமையில் 60 வீதம் எடுத்திருக்கவேண்டும். வேலை செய்பவளுக்கு அது எட்டாது. தாதியப் படிப்புக்கான 'லேர்ன் அண்ட் ஸ்டே' உதவி வட, கிழக்கு, தென்மேற்குப் பகுதிகளுக்கென்று வகுக்கப்பட்டது. ஸ்காபரோ அதற்குள் இல்லை. பயிற்சிக் காலத்தில் இழக்கும் ஊதியத்தில் ஒரு பங்கையாவது ஈடுசெய்ய அமைச்சிடம் நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.

பராமரிப்பு இல்லங்களை நடத்துவோரும் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: பிளேஸ்மென்ட் பருவத்தில் மணித்தியாலத்தைக் குறைத்துக்கொள்பவரின் முழுநேர இடத்தையும் காப்புறுதியையும் அவர் திரும்பி வரும்வரை வைத்திருங்கள். படித்து முடித்து உங்களிடமே ஆர்.என் ஆக வருபவர் அவர்.

என் தோழிகளுக்கும் ஒன்று. விண்ணப்பிக்க முன், கிளினிக்கல் எங்கே, எத்தனை வாரம், எந்த நேரம், கடைசியாகப் படித்த ஆர்.பி.என்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் திரும்பக் கேளுங்கள்.

கல்விநிலையங்களே, இந்தக் கேள்விகள் உங்களிடம் வரப்போகின்றன. அடுத்த அனுமதிக்கான விண்ணப்பங்கள் திறக்கும் முன், அவற்றுக்கான பதிலைப் படிப்பின் விவரப் பக்கத்திலேயே, கட்டண விவரத்துக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். உங்கள் பிளேஸ்மென்ட் ஒருங்கிணைப்பாளர்கள் எங்களோடு பேச விரும்பினால், இரவு ஷிஃப்டில் இருப்பவர்களும் வரக்கூடிய ஒரு பின்னேரம் சொல்லுங்கள். நாங்கள் ஒரு கூட்டமாக வருகிறோம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஓர் ஆர்.பி.என்