நான்கு பெட்டியோடு வரும் மகளுக்கு

அன்புள்ள மகள் செல்விக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நீயும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

போனில் நீ பேசியது அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. நான்கு பெட்டி என்றாய். தையல் மெஷின் என்றாய். குத்துவிளக்கையும் கொண்டுவருவதாகச் சொன்னாயாம், அம்மா சொல்கிறாள். ஆனால் "போர்ட்டர் எதற்கு, நானே தூக்கிக்கொள்வேன்" என்றது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போர்ட்டர் வைத்துக்கொள். டெல்லியிலும் வை, சென்ட்ரலிலும் வை, எழும்பூரிலும் வை. ஒரு கையில் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நான்கு பெட்டியை எப்படி இழுப்பாய்? புது டெல்லி ஸ்டேஷனில் பதினாறு பிளாட்பாரம். மேம்பாலத்தில் பெட்டியைப் பார்ப்பாயா, பிள்ளையைப் பார்ப்பாயா? மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வருகிறாரா என்று கேட்டேன். நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். வந்தால் நல்லது. வராவிட்டாலும் போர்ட்டர் இருக்கிறார்.

இன்னொருவர் தலையில் உன் பாரத்தை ஏற்ற மனம் வராது உனக்கு. ஹாஸ்டலில் சேர்ந்த அன்றும் டிரங்குப் பெட்டியை நீயேதான் மாடிக்கு ஏற்றினாய். என்னைத் தொடவிடவில்லை. அதைப் பார்சல் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டவன்தான் நான். ஆனால் எல்லாவற்றையும் தனியாகவே தூக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? எத்தனை நாளாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாய் என்றுகூட ஒரு வார்த்தை வீட்டில் சொல்லவில்லையே.

நான் போர்ட்டர்களோடு வேலை பார்த்தவன். ரயில்வே அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. லைசென்ஸும் எண் போட்ட வில்லையும்தான் கொடுக்கும், தூக்கினால்தான் கூலி. 2008-இல் லாலு பிரசாத் அமைச்சராக இருந்தபோது பலரை, தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2016 ரயில்வே பட்ஜெட்டில் 'சகாயக்', அதாவது உதவியாளர், என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறியது, பிழைப்பு மாறவில்லை. சக்கரம் வைத்த பெட்டியும் எஸ்கலேட்டரும் வந்தபிறகு வண்டி வண்டியாகப் பார்த்துவிட்டு வெறும் தலையோடு திரும்புகிறார்கள். நீ வேண்டாமென்று சொன்னால் அவர் பாரம் குறைவதில்லை, அன்றைய வரும்படிதான் குறைகிறது.

சொல்வதைக் கேட்டுக்கொள். சிவப்புச் சட்டையும், கையில் பித்தளை வில்லையும் இருக்கிறதா என்று பார். வில்லை எண்ணைக் குறித்துக்கொள். கூலியை முதலிலேயே பேசிவிடு. கட்டணப் பலகை ஸ்டேஷனிலேயே இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பேசு. ரொம்பவும் அடித்துப் பேசாதே. துண்டை முறுக்கிச் சும்மாடு வைத்து, முழங்காலை மடக்கி நிற்பார். அப்போது நீயும் ஒரு கை பிடித்து ஏற்றிவிடு. தலையில் ஏறும்வரைதான் கஷ்டம். பாரம் நின்றுவிட்டால் அவர் நடை நம் நடையைவிட வேகமாக இருக்கும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போ, கண்ணை எடுக்காதே. பெட்டிகள் பெர்த்துக்கு அடியில் போனபிறகு எண்ணிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடு.

நகை, பணம், பாப்பாவின் பள்ளிச் சான்றிதழ் எதையும் பெட்டியில் வைக்காதே. கைப்பையில் வைத்துக்கொள். சான்றிதழெல்லாம் வாங்கிவிட்டாயா?

மூன்றடுக்கு ஏசியில் ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோதான் இலவசம். தையல் மெஷினையும் பித்தளைச் சாமான்களையும் பார்சல் ஆபீஸில் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாக புக் செய்துவிடு. நேரத்தோடு போ. ரசீது பத்திரம். கொண்டுவர முடியாததை அங்கேயே விட்டுவிட்டு வா. பாத்திரம் போனால் போகட்டும், வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் காலையிலேயே சென்ட்ரலுக்கு வந்துவிடும், எழும்பூரிலிருந்து நம் ஊருக்கு வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் இரவுதான். பெட்டிகளை கிளோக் ரூமில் போடு. பூட்டு இல்லாத பெட்டியை வாங்கமாட்டார்கள், எல்லாவற்றுக்கும் பூட்டு வாங்கிவிடு. பெரம்பூர் சித்தி வீட்டுக்குப் போக வேண்டாம். அவள் கேட்கும் கேள்விக்கெல்லாம் நீ பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஸ்டேஷனிலேயே ரிடையரிங் ரூம் எடுத்துப் பாப்பாவோடு தூங்கு. எழும்பூர் மெட்ரோவில் அடுத்த நிறுத்தம்தான், இருந்தாலும் இத்தனை சாமானோடு அதில் ஏறாதே. ஆட்டோ பிடி. ஆட்டோவரை போர்ட்டர் வருவார். மறுபடியும் சொல்கிறேன், போர்ட்டர் வை. காசு பார்க்காதே, உன் கணக்கில் நேற்றே போட்டுவிட்டேன்.

திரும்பிப் போக டிக்கெட் எடுத்திருக்கிறாளா என்று அம்மா என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன்னிடம் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நானும் கேட்கமாட்டேன். வந்தபிறகு உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல். சொல்லாவிட்டாலும் உன் வீடு இதுதான். மாடி அறையில் கிடந்த நெல் மூட்டைகளை இறக்கிவிட்டோம். கொக்கியில் ஃபேன் மாட்ட எலக்ட்ரீஷியன் நாளை வருகிறார். பாப்பாவுக்கு வெக்கை ஆகாதே.

சங்கரன்கோவிலில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடம். சாமானை முன்கூட்டியே கதவருகில் எடுத்துவந்துவிடாதே, பிள்ளையோடு வாசலில் நிற்கவும் வேண்டாம். நானும் உன் தம்பியும் உள்ளே ஏறி இறக்கிக்கொள்கிறோம். அதற்கு வண்டி வருமுன்பே சரியான இடத்தில் நிற்க வேண்டும். பொதிகையில் உன் கோச் எண்ணையும் பெர்த் எண்ணையும் மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
அப்பா