ஒரு போகம் முழுக்க எங்களோடு விடுங்கள்: வேளாண் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும், கிராமத் தங்கல் பயிற்சியை ஒருங்கிணைப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம், சொந்தமும் குத்தகையுமாக நாலு ஏக்கரில் நெல் வைக்கிறவன். இயற்கை விவசாயத்துக்கு மாறி, உரக்கடைப் படியேறுவதை விட்டுப் பல வருடமாகிறது. நீங்கள் நாலாம் ஆண்டில் கிராமத்துக்கு அனுப்பும் மாணவர்களில் சிலர் எங்கள் வயலுக்கும் வருவார்கள். இந்தக் கிராமத் தங்கல் பயிற்சியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் ‘ராவே’ (RAWE). “ராவே பிள்ளைங்க வந்திருக்கு” என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் புரியும். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள். கேட்க வேண்டியது உங்களிடம்தான் இருக்கிறது.

அவர்களை ஒரு போகம் முழுக்க எங்களோடு விடுங்கள். விதை ஊறப் போடுவதில் தொடங்கி, நெல் விற்ற காசை எண்ணும் வரை.

வேளாண் கல்லூரிகளுக்காக ஐந்தாவது டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டத்தில் இந்தப் பயிற்சிக்கு மொத்தம் 20 வாரம். கிராமத்துக்கு அதில் 8 வாரம்தான். ஆராய்ச்சி நிலையம், பயிர் மருத்துவ நிலையம், வேளாண் தொழிற்சாலை, அறிக்கை எழுதுவது என்று மீதி போய்விடுகிறது. 8 வாரம் என்றால் 56 நாள். குறுவைக்கு நாங்கள் வைக்கும் ஆடுதுறை 43 ரகமே 110 நாள் பயிர். மாப்பிள்ளைச் சம்பா 150 நாளைத் தாண்டும். நடவைப் பார்த்த பிள்ளை அறுப்பைப் பார்ப்பதில்லை, அறுப்புக்கு வந்த பிள்ளைக்கு நாற்றங்கால் தெரியாது. பாதிப் பயிரைப் பார்த்துவிட்டு முழு அறிக்கை எழுதுகிறார்கள்.

ரசாயன விவசாயத்தைக் கற்க இந்த 56 நாள் ஓரளவு போதும் என்றுகூடச் சொல்வேன். யூரியா எறிந்தால் ஒரு வாரத்தில் பயிர் கருகருவென்று ஆகிவிடும், போட்டவன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பாடு அப்படியில்லை. கோடையில் பசுந்தாள் உரத்துக்காக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, அது பூவெடுக்கிற நேரத்தில், 45 நாள் வாக்கில், மடக்கி உழுகிறோம். அது மக்கி, நடவு நட்டு, பயிர் பக்கத்தில் கிளை வெடித்துத் தூர் கட்டும்போதுதான் அதன் பலன் இலையில் தெரியும். மடக்கி உழுதவன் யாரோ, பலனைப் பார்க்கிறவன் யாரோ என்றால் அந்தப் பிள்ளைக்கு எதை நம்ப முடியும்? இயற்கை விவசாயம் மெதுவாகப் பதில் சொல்லும். அவசரமாக வந்து போகிறவர்களுக்கு அது வெறும் கரைசல் தயாரிப்பாகத்தான் தெரியும்.

உண்மையில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. வாரம் தவறாமல் பேப்பரில் ஒரு படம் வருகிறது: நீல டிரம், கையில் குச்சி, பின்னால் பிளக்ஸ், ‘ஜீவாமிர்தம் தயாரிப்பு குறித்து விவசாயிகளுக்கு மாணவிகள் செயல்விளக்கம்’. படத்தில் உட்கார்ந்து கேட்கிற விவசாயி அதை அவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே கலக்கிக்கொண்டிருப்பவராக இருப்பார்! (எங்கள் ஊரில் அப்படி இரண்டு படத்தில் நானும் இருக்கிறேன். ஒன்றில் கைதட்டுகிறேன்.) 200 லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிலோ சாணம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு என்று பிள்ளைகள் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறார்கள். மாடு இல்லாத குத்தகைக்காரன் பத்து கிலோ சாணத்துக்கு எங்கே போவான், வெல்லம் விற்கிற விலையில் ஒரு போகத்துக்கு என்ன செலவு, தினம் இருவேளை கலக்கிவிட யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மூன்று மாதம் கூட இருந்தால் கேட்பார்கள். அவர்களே சாணம் சுமக்க வேண்டி வந்தால் முதல் வாரத்திலேயே கேட்பார்கள்.

உங்கள் பாடப் புத்தகத்தை நான் மட்டமாகச் சொல்லவில்லை. நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி எத்தனை இருந்தால் மருந்தடிக்க வேண்டும் என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் அடிக்கலாம், ஆனால் குத்துக்கு (ஒரே இடத்தில் தூர் கட்டி நிற்கும் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம் என்று சட்டென்று சொன்னாள். எவ்வளவு நல்ல பாடம்! சிலந்தி வேலை செய்யும், கொஞ்சம் பொறு என்று உங்கள் புத்தகமே சொல்கிறது. ஆனால் புகையான் இலையில் உட்காராது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரடியில் இருக்கும், குனிந்து குத்தைப் பிளந்து பார்த்தால்தான் கண்ணில் படும். அதைப் பார்த்துவிட்டு மருந்து அடிக்காமல் நாலு நாள் பொறுத்திருக்கிற தைரியம் இருக்கிறதே, அது பக்கத்தில் ஒரு ஆள் பொறுத்திருப்பதைப் பார்த்தால்தான் வரும். அந்த நாலு நாளில் தூக்கம் வராது. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிற பெண்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் வயலில் இறங்கிவிடுவார்கள். பிள்ளைகள் டவுனில் வாடகை வீட்டில் தங்கிப் பத்து மணி பஸ்ஸில் வருகிறார்கள். அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். எது கோரை, எது குதிரைவாலிப் புல், எந்தப் பருவத்தில் பிடுங்கினால் திரும்ப முளைக்காது, ஆரைக்கீரையை எப்போது கறிக்குப் பறிக்கலாம் என்பதெல்லாம் அந்த அக்காக்களுக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவர்களில் ஒருவருடைய பெயர்கூட எந்த அறிக்கையிலும் ஆசிரியர் என்ற இடத்தில் வந்ததில்லை. ‘கூலித் தொழிலாளர்’ என்ற பட்டியலில் ஆள் கணக்காக வருவார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசினால் கல்லூரி மதிப்பூதியம் தருகிறதல்லவா? பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக் களை எடுக்கிற அன்று வேலை பாதிதான் ஓடும். அந்தக் கூலியையாவது கொடுங்கள். எனக்கு வேண்டாம், அவர்களுக்கு.

இது புதிதாக ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்தில் இறங்கி வேலை பார்த்த பாப்பம்மாள் பாட்டியைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் தன் விவாதக் குழுவில் வைத்திருந்தது. 2021-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. இயற்கை விவசாயத்தை ஊரெல்லாம் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவும் வேளாண்மையில் பட்டம் வாங்கியவர்தான். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, பிறகு அதை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனவர். உங்கள் மாணவர்கள் யாரும் படிப்பை விட வேண்டாம். படிப்புக்குள்ளேயே வயல் வந்துவிட்டால் போதும்.

அரையாண்டுக் கணக்கு இடிக்கும், ஒரு வகுப்பில் இத்தனை பேர், தேர்வு இருக்கிறது என்பீர்கள். தெரியும். இளம் உதவிப் பேராசிரியர்கள் கையெழுத்து நோட்டோடு ஊர் ஊராகப் பஸ் மாறி அலைவதையும் பார்க்கிறேன். போக்குவரத்துக்குக்கூடக் கைக்காசைப் போடுகிறவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் 20 வாரம் என்பது 140 நாள். குறுவை அதற்குள் முடிந்துவிடும். 8 வாரத்தையும் மொத்தமாக வைக்காமல் பிரித்துக் கொடுங்கள்: நாற்றுவிட ஒரு வாரம், நடவுக்கு இரண்டு, களைக்கும் தூர்கட்டும் பருவத்துக்கும் இரண்டு, கதிர் வரும்போது ஒன்று, அறுப்புக்கும் விற்பனைக்கும் இரண்டு. இடைப்பட்ட நாளில் ஆராய்ச்சி நிலையமோ தொழிற்சாலையோ பார்க்கட்டும். ஒரே பிள்ளை ஒரே வயலுக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும், அவ்வளவுதான். பயிற்சி தொடங்கும் தேதியை மட்டும் எங்கள் ஊர்த் தண்ணீரைக் கேட்டு வையுங்கள்.

அறிக்கையில் நட்டக் கணக்கையும் எழுதவிடுங்கள். இயற்கைக்கு மாறுகிற முதல் இரண்டு மூன்று போகத்தில் விளைச்சல் குறைவதுதான் பெரும்பாலும் நடப்பது. இயற்கை விளைபொருள் என்ற சான்று கிடைக்கும் வரை விலையும் கூடுதலாகக் கிடைக்காது. வெற்றிக் கதை மட்டும் எழுதிப் பழகிய பிள்ளை நாளை வேளாண் அலுவலராக வந்து எங்களிடம் அதையே சொல்லும். கேட்டு மாறியவன் இரண்டாம் வருடம் உரக்கடைக்குத் திரும்பிவிடுவான்.

அடுத்த குறுவைக்கு நாலு பேரை அனுப்புங்கள். பெண் பிள்ளைகள் தங்க எங்கள் தெருவிலேயே கழிவறையும் நல்ல தண்ணீரும் உள்ள வீடு பார்த்து வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்கு ஒரு அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு மாதாமாதம் பணம் தவறாமல் வர வேண்டும். ஒரு ஏக்கரைப் பிள்ளைகள் பொறுப்பில் விடுகிறேன். விதை பூங்கார், மூன்று மாதப் பயிர். நட்டம் வந்தால் அது என்னோடு, நிலத்துச் சொந்தக்காரர் சம்மதித்துவிட்டார். ஜூன் முதல் வாரத்துக்குள் பெயர்ப் பட்டியல் வந்தால் நாற்றங்காலுக்கு அவர்களையே சேறடிக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.