கை அளவு எடுத்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

காக்கா ஆழி என்கிற சிப்பியைப் பறித்தெடுக்க எண்ணூர் ஆற்றில் எங்களோடு இறங்கியவர்களுக்கும், இறங்க முடியாமல் கரையில் நின்று கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

போன அமாவாசை வத்தத்தில், தண்ணீர் இறங்கியிருந்த நேரம், எங்கள் ஆயா இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றைத் தடவினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. (வாயில் பறி இருக்கும்போது யாராலும் பேச முடியாது, அது வேறு விஷயம்.) அப்புறம் கையைத் தூக்கிக் காட்டினார். விரல் நடுவே ஒரு வெள்ளை இறால் துள்ளியது. ஒன்றே ஒன்று. நாங்கள் போட்ட கூச்சலில், யாரோ ஆற்றோடு போய்விட்டார்கள் என்று அக்கரையிலிருந்து ஆள் ஓடி வந்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மழையோடு வந்த எண்ணெயை வாளியில் மொண்டவர்கள்தான் பாதிப் பேர். காக்கா ஆழியையும் உங்களுக்குத் தெரியும். தென்னமெரிக்கா பக்கத்து உயிரியாம், கப்பல் வயிற்றுத் தண்ணீரில் வந்திருக்கும் என்கிறார்கள். எப்படி வந்ததோ, நார் விட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆற்றுத் தரையில் பாய் விரித்துவிட்டது. அந்தப் பாய்க்கு அடியில் மட்டி மூச்சு முட்டிச் சாகிறது. இறால் பதுங்கச் சேறு இல்லை. தடவப் போன கை கிழிந்து வருகிறது.

தை மாதத்தில் பெண்கள் கூடிப் பேசி, முழு ஆற்றையும் யாராலும் பார்க்க முடியாது, ஒரு துண்டையாவது நாமே பறித்து எடுப்போம் என்று முடிவு செய்தோம். நாலு வீட்டுமனை அளவுதான் இருக்கும். முதல் வாரமே எல்லார் கையும் போச்சு. கடையில் வாங்கிய ரப்பர் கையுறை அரை நாள்கூடத் தாங்கவில்லை, சிப்பி விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும்.

அந்த வாரம்தான் அம்மாவின் ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு தையல் கடைக்குப் போயிருந்தேன். அதற்கு முன் நாங்கள் போகாத கடை. கூட வந்த அம்மாவின் விரல்களைப் பார்த்து, "இன்னாம்மா கையில? மிஷின்ல கொடுத்துக்கினியா?" என்று கேட்டார் அந்த அக்கா. அம்மா சொன்னார். அக்கா ஜாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, "எத்தினி பேரு?" என்றார். இருபத்திரண்டு பேர். "ஞாயித்துக்கிழமை வர்றேன். அளவு எடுக்கணும்."

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய தினசரிக் கட்டோடு வந்து இறங்கினார். ஒவ்வொருத்தரும் தாளில் கையை விரித்து வைக்க, சுற்றிப் பேனாவால் வரைந்தார். முதலில் எல்லோருக்கும் சிரிப்பு. இடுப்பு அளவு, மார்பு அளவு எடுத்துப் பார்த்திருக்கிறோம், கைக்கு அளவு எடுப்பார்களா? அவர் சிரிக்கவில்லை. எங்கள் பெரியம்மாவுக்கு ஆள்காட்டி விரல் மடங்காது, அதைத் தனியாகக் குறித்துக்கொண்டார். ஆயாவின் சுண்டுவிரல் கோணலை அப்படியே கோணலாக வரைந்தார். ஒவ்வொரு தாளிலும் பேர் எழுதினார். பிறகு ஆயாவிடம் கேட்டார்: "தடவும்போது எந்த வெரலு மொதல்ல தொடும்?"

ஆயா கையைக் காற்றில் அளைந்து பார்த்துவிட்டு, "நடுவெரலு" என்றார். இந்த ஆற்றங்கரையில் பிறந்த நான் இருபத்தாறு வருஷமாக ஆயாவிடம் அதைக் கேட்டதில்லை.

பழைய ஜீன்ஸ் கால்களை வெட்டி, விரல் நுனிக்கு இரண்டு மடிப்பு, நடுவிரலுக்கு மூன்று மடிப்பு வைத்துத் தைத்து அனுப்பினார். யாருடையது எது என்று மாறாமல் இருக்க, மணிக்கட்டில் கலர் நூலில் முதல் எழுத்து. உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் தடவை தைத்தது உருப்படவில்லை. உப்புத் தண்ணீரில் நூல் இற்றுப்போய், பத்தே நாளில் விரல் விரலாகக் கழன்றது. எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். "அப்டியா, நூலு தப்பு" என்றார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாமா வலை பொத்துகிற நைலான் நூல் கொடுத்தார். இருபத்திரண்டு ஜோடியையும் பிரித்து மறுபடி தைத்தார். காசு கொடுத்தபோது, "ஜீன்ஸு எம் பையன் போட்டுக் கிழிச்சது, அதுக்கு இன்னா காசு" என்று தள்ளிவிட்டார். அந்தப் பையனுக்கும் எங்கள் நன்றி, நன்றாகக் கிழித்திருக்கிறான்.

அக்கா, எங்களுக்காகப் பேச வந்தவர்கள் நிறையப் பேர். எங்கள் கையைப் பிடித்துப் பார்த்தவர் நீங்கள் ஒருத்தர்தான்.

மற்றவர்களையும் விட மாட்டேன். படகும் டீசலும் கொடுத்தவர்கள், ஆழியைக் கட்டச் சாக்கு சேர்த்துக் கொடுத்த ரேஷன் கடைக்காரர், பறித்ததை ஏற்றத் தண்ணீர் எட்டாத மேட்டில் குழி வெட்டிப் புதைத்த பையன்கள், வாடகை வாங்காமல் லோடு ஆட்டோ ஓட்டிய அண்ணன், ஞாயிறுதோறும் வந்த கல்லூரிப் பிள்ளைகள், பேர் போடாமல் 51 ரூபாய் அனுப்பியவர், கணக்குப் பார்க்காமல் டீ ஊற்றிய கடை, எல்லோருக்கும் நன்றி. செல்ஃபி எடுக்க வந்தவர்களுக்கும்தான். அவர்களும் ஆளுக்கு இரண்டு கூடை தூக்கிவிட்டுத்தான் போனார்கள்.

இந்த ஆற்றை ஏதோ இன்றைக்கு முளைத்த சாக்கடை மாதிரி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 1944இல் பூண்டியில் அணை கட்டியது இதே கொசஸ்தலையாற்றின் குறுக்கேதான். 1806இல் பட்டணத்திலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டியபோதும் இங்கே ஆறு இருந்தது, வலை இருந்தது. உப்பளமும் கண்டல் காடும் சேர்ந்த ஊர் இது. ஆற்றில் ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு திட்டுக்கும் எங்களிடம் பேர் உண்டு, எந்த மேப்பிலும் இருக்காது. யார் பேரிலும் பட்டா கிடையாது. அதனால்தான் வருகிறவர் போகிறவர் எல்லாம் கொட்டுகிறார்கள். அதனால்தான் யாரிடமும் அனுமதி கேட்காமல் இருபத்திரண்டு பெண்கள் இறங்கவும் முடிந்தது.

ஆழி திரும்ப வரும், எங்களுக்குத் தெரியும். கப்பல் நிற்கப் போவதில்லை. சுற்றிலும் பாய் விரித்தபடியேதான் கிடக்கிறது. அதனால் ஆயா தலைமையில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு அமாவாசை வத்தத்துக்கும் அந்தத் துண்டில் இறங்கி, குஞ்சு ஆழி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். அடுத்த தை வரை அங்கே யாரும் இறால் எடுப்பதில்லை, வலை கட்டுவதும் இல்லை. அன்றைக்குப் பிடித்த அந்த ஒன்றையும் ஆயா திரும்ப விட்டுவிட்டார். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். உங்களுக்குக் கொண்டுவந்து காட்டலாம் என்று நினைத்திருந்தேன் அக்கா.

கை வரைந்த தாள்கள் எல்லாம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த ஜோடி தைக்கும்போது எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அம்மாவின் ஜாக்கெட் இன்னும் உங்கள் கடையில்தான் இருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை.