செட்டிநாட்டு ஃபாஸ்ட் ஃபுட் கடைக்காரர்களுக்கு: பிள்ளைத்தாச்சி வந்து நூடுல்ஸ் கேட்டால்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், பொன்னமராவதி பக்கம் சாயங்காலம் அடுப்பு மூட்டும் கடை முதலாளிகளுக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

மசக்கையில் சோற்று வாடையே ஆகாமல், காரசாரமாக ஒரு பிளேட் நூடுல்ஸ் மட்டும் இறங்கும் பெண்கள் உண்டு. வீட்டில் கூடாது என்பார்கள். ஏன் என்றால் அஜினோமோட்டோ என்பார்கள். நீங்களும் அதற்குப் பயந்து ‘அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை’ என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள். பலகை இருந்துவிட்டுப் போகட்டும். கர்ப்பிணிக்கு நிஜமான ஆபத்து, மதியமே வேகவைத்து எண்ணெய் பிசறி மூடி வைத்திருக்கிறீர்களே, அந்தக் கூடையில்தான் இருக்கிறது.

மாவுப் பண்டங்களில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கும். கொதிநீரில் போட்டாலும் அவற்றில் பல சாகாது. வெந்த நூடுல்ஸ் வெளியில் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை விடும். அந்த நச்சு 121 டிகிரி செல்சியஸ் சூட்டையே தாங்கும். சட்டியில் தீப்பிடிக்கப் பிரட்டினாலும் அழியாது. சாப்பிட்ட 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். மற்றவர்களுக்கு ஒரு நாள் அவஸ்தை, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரியில் சேரும் நிலை.

ஆகவே ஒரே தடவையாக அவித்து வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அவியுங்கள். வடித்தபின் அலசும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்கவேண்டும். தொட்டித் தண்ணீரில் அலசினால் அவித்த பலன் அதிலேயே போய்விடும். ஆழமான கூடையில் குவிக்காமல் அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள், குவியலின் நடுப்பகுதி ஆற வெகுநேரம் பிடிக்கும். நம்மூர் வெயிலில் 32 டிகிரி என்பது சாதாரணம். அதற்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான் கெடு, அதற்குள் ஃபிரிட்ஜில், 5 டிகிரிக்குக் கீழே போய்விடவேண்டும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

ஃபிரிட்ஜையும் முழுக்க நம்பமுடியாது. லிஸ்டீரியா என்ற கிருமி குளிரிலும் வளரும். தாய்க்கு லேசான காய்ச்சலும் உடல்வலியுமாகத் தெரியும், கரு கலையவோ குழந்தை வயிற்றிலேயே இறக்கவோ அது காரணமாகிவிடும். சாப்பிட்டுப் பல வாரம் கழித்தும் காய்ச்சல் வரலாம் என்பதால் உங்கள் கடையை யாரும் சந்தேகப்படக்கூட மாட்டார்கள். நல்லவேளை, இது சூட்டுக்குச் சாகும். நடுவில் 74 டிகிரி ஏறினால் போதும். நாலு பிளேட்டை ஒரே சட்டியில் கொட்டிப் பிரட்டும்போதுதான் ஓரம் கருகி நடு வெதுவெதுப்பாக நிற்கிறது. கர்ப்பிணிக்கு உள்ளதைத் தனியாகப் போடுங்கள். உணவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் யூகமே வேண்டாம்.

முட்டையை ஓரத்தில் ஊற்றி, வழவழவென்று இருக்கும்போதே நூடுல்ஸைத் தள்ளுவது மாஸ்டர்களின் கைப்பழக்கம். சால்மோனெல்லா என்ற கிருமி தப்புவது அங்கேதான். முட்டை கட்டியாகி உதிரவேண்டும், பிறகுதான் நூடுல்ஸ். பொரித்து அடுக்கிய சிக்கனை மேலே தூவாமல் சட்டியில் போட்டு ஆவி வரச் சூடாக்குங்கள். பச்சைக் கறி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் முட்டைக்கோஸ் வெட்டக்கூடாது. கோஸும் வெங்காயத்தாளும் அலங்காரமாக மேலே வராமல் தீயில் வதங்கி வரட்டும். மயோனைஸ் வேண்டவே வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதும் இதே கிருமிகளை நினைத்துத்தான்.

இனி அஜினோமோட்டோ. வழக்கமான அளவில் அது கருவைக் கெடுப்பதாக நிரூபணம் இல்லை. அதில் சோடியம் சுமார் 12 சதவீதம், சாப்பாட்டு உப்பிலோ 39. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றும் சோயா சாஸில் ஒரு மேசைக்கரண்டிக்கே ஏறக்குறைய 900 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2000-க்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு கரண்டி சாஸும் மேலே உப்பும் விழுந்தால் அந்தக் கணக்கு ஒரே பிளேட்டில் முடிந்துவிடும். ரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிகளுக்கு இது முக்கியம். சாஸ் ஒரு தேக்கரண்டி போதும், ருசிக்கு மிளகும் பூண்டும் எலுமிச்சையும் நம்மிடம் இல்லாததா? சர்க்கரை உள்ளவர் என்றால் நூடுல்ஸைப் பாதியாக்கி, முட்டையும் காயும் கூட்டுங்கள்.

கொத்து இடியாப்பம் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். ஆவியில் வெந்து சுடச்சுட இலைக்கு வரும் இடியாப்பம் நல்லது. காலையில் மிஞ்சி, ராத்திரி கல்லில் கொத்துப்படும் இடியாப்பத்தில் அதே பேசில்லஸ்தான் இருக்கும்.

பார்சல் கேட்டால் செய்தித்தாளில் மடிக்காதீர்கள், மை உணவில் ஏறும். “போன உடனே சாப்பிட்டுருங்கம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

கூடையில் இருப்பது எப்போது வெந்தது என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை என்றால், அன்றைக்குக் கர்ப்பிணிக்கு நூடுல்ஸ் கொடுக்காதீர்கள். கல்லில் ஒரு தோசை முறுகலாக ஊற்றி, வெளியில் கிடந்த தேங்காய்ச் சட்னியை விட்டுவிட்டு, கொதிக்கிற சாம்பாரோடு கொடுங்கள்.

இப்படிக்கு,
உணவுப் பாதுகாப்பிலும் பேறுகாலச் சத்துணவிலும் வேலை செய்பவர்கள்
காரைக்குடி