மழைநீர்க் கால்வாய்க்கு அளவெடுக்கும் முன் ஒரு வார்த்தை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நகராட்சி, பேரூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் ஊத்தங்கரையில் கடை வைத்திருப்பவன். 2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை விடிந்தபோது ஷட்டருக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி வலுவிழந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கியவர்கள் நாங்கள். அது நகராமல் நின்று, பிறகு மெதுவாக மேற்கே வந்து எங்கள் தலைமேல் கொட்டியது. 24 மணி நேரத்தில் 50 செ.மீ. அரூரில் 33. ஆண்டு முழுக்கப் பெய்வதே 80, 90 செ.மீ.தான் இங்கே.

50 செ.மீ. என்றால் 1200 சதுர அடி மனை ஒன்றின் மேல் மட்டும் சுமார் 55 ஆயிரம் லிட்டர். பெரிய தண்ணீர் லாரி என்றால் நாலரை லாரிக்கு மேல். வேன்களையும் கார்களையும் அந்தத் தண்ணீர் இழுத்துப் போனதை எல்லோரும் பார்த்தீர்கள்.

"இது ஒரு தடவை வந்தது, இனி எப்போது வரப்போகிறது" என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் இறங்கும்போது மொத்தமாக இறங்குகிறது. புயல்கூட வேண்டாம், கோடை இடி மழை ஒரு மணி நேரம் கொட்டினாலே போதும். 10 செ.மீ. மழை நாள் முழுக்கத் தூறினால் மண் குடித்துவிடும்; ஒரே மணி நேரத்தில் விழுந்தால், அதுவும் சிமென்ட் தெருவில் விழுந்தால், எந்தக் கால்வாயும் தாங்காது. முந்தைய 24 மணி நேர மழையைக் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதும் ஒற்றை எண்ணில் இந்த வித்தியாசம் தெரியாது. தானியங்கி மழைமானிகள் இப்போது வந்துவிட்டன. சரி, அந்தக் கணக்கை வாங்கி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பெய்தது என்று பார்த்துக் கால்வாய்க்கு அகலம் போடச் சொல்லுங்கள். பழைய அளவிலேயே புதிய கான்கிரீட் போடுவது வீண் செலவு.

அதைவிட முக்கியம் ஏரிக் கோடி, அதாவது ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். நம்முடையது வறண்ட பூமி. ஏரி கோடி போனால் ஆடு வெட்டிப் பூசை போடுகிறவர்கள் நாம். ஆனால் பல வருடம் ஏரி நிறையாததால், கோடியிலிருந்து இறங்கும் ஓடையை நாமே மறந்துவிட்டோம். அதில் மனை போட்டோம், குப்பை கொட்டினோம், ஆள் நுழைய முடியாத குழாயைப் பதித்துச் சாலை போட்டோம். தண்ணீர் மறக்கவில்லை. பழைய நில அளவை வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று எங்கே கோடு போட்டிருக்கிறதோ, அந்த வழியாகத்தான் அன்றைக்கும் வந்தது.

அதனால் கேட்பது இதுதான். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒவ்வொரு ஊர் மன்றமும் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கோடியிலிருந்து அடுத்த ஏரி வரை நடந்து பாருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறதோ அதைத் திறந்துவிட்டு, அப்புறம் புதுக் கால்வாய்க்குத் தீர்மானம் போடலாம். அங்கே குடியிருக்கும் ஏழைகளுக்கு முதலில் மாற்று இடம் கொடுங்கள். மழை நாளில் அவர்களை எழுப்பி ஓடச் சொல்வது நியாயமில்லை.

ஊத்தங்கரையில் நடக்கும்போது எனக்கும் சொல்லி அனுப்புங்கள். எந்தச் சந்தில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று சுவர்களில் கறை இன்னும் இருக்கிறது. காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஊத்தங்கரைக் கடைக்காரன் ஒருவன்