விடைத்தாள் திருத்தும் இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வெப்பநிலை அளவுகோல் பாடத்தில் குறும்பாகத் தெரியும் விடைகளைச் சிவப்பு மையால் அடிக்கும் முன் சற்றுப் பொறுங்கள். அவற்றில் பல சரியான விடைகள்.

"செல்சியஸ் கணக்கில் தண்ணீர் கொதிப்பது 0 டிகிரியில்" என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடலாம். 1742-இல் ஸ்வீடனின் உப்சாலா நகரத்து வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்றுதான் வைத்தார். காய்ச்சல் ஏற ஏற எண் இறங்கும்! 1744-இல் அவர் இறந்த பிறகுதான் அவருடைய அளவுகோலைத் திருப்பிப் போட்டார்கள். பிரான்சின் லியோன் நகரத்து ழான்-பியர் கிறிஸ்டின் 1743-லேயே இன்றைய வரிசையில் வைத்துவிட்டார். 1948-இல் அளவுகோலின் பெயர் என்னவோ தலைகீழாக வைத்தவருக்கே போனது.

"ஃபாரன்ஹீட்டின் 0 எது?" "பாத்திரத்தில் எந்த உப்பு இருந்ததோ, அது." இதுவும் ஏறக்குறைய சரி. 1724 கட்டுரையில் அவர் சொல்வது பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) சேர்ந்த கலவை; நவச்சாரத்துக்குப் பதில் கடலுப்பானாலும் பரவாயில்லையாம். பரவாயில்லாமல் எப்படி? எடையில் மூன்று பங்கு பொடித்த பனிக்கட்டிக்கு ஒரு பங்கு சமையல் உப்பு போட்டுக் கலக்கினால் −21 °C வரை இறங்கும். நவச்சாரமோ −15, −16 அருகே நின்றுவிடும். அவருடைய 0 இரண்டுக்கும் நடுவே, −17.8-இல் இருக்கிறது. வகுப்பில் செய்து காட்டுவதானால் பனிக்கட்டியை நன்றாகப் பொடியுங்கள். பெரிய கட்டியாக இருந்தால் உப்பு அடியில் தங்கிவிடும், மேலே வெப்பமானி 0 °C-ஐ விட்டு நகராது. வெப்பமானியின் குமிழ் பாத்திரச் சுவரில் படவும் கூடாது.

"ஃபாரன்ஹீட்டில் உறைநிலைக்கு 32 எதற்கு?" "பாதி பாதியாக வெட்ட." சரிதான். அவருக்கு முன்னோடியான டென்மார்க் வானியலாளர் ரோமரின் அளவுகோலில் உறைநிலையான 7.5-ஐ நான்கால் பெருக்கினால் 30. ஃபாரன்ஹீட் அதை 32 ஆக்கி, உடல் சூட்டை 96 என்று வைத்தார். இடைவெளி 64, ஆறு முறை பாதியாக்கினால் ஒவ்வொரு கோடும் விழுந்துவிடும். பிறகு கொதிநிலையை 212 என்று பிடித்து வைத்ததும் உடல் சூடு 98.6-க்கு நகர்ந்தது. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

நியூட்டனின் ஆளிவிதை எண்ணெய் வெப்பமானியில் உடல் சூடு 12. அங்கே 13 என்றாலே கடும் காய்ச்சல்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடும் "100 °C-இல் கொதிக்கும்" என்பதில்தான் சிக்கல். இன்றைய பன்னாட்டு அளவுகோலின்படி, இயல் வளிமண்டல அழுத்தத்தில் அது 99.97. சுமார் 300 மீட்டர் மேலே போனால் இன்னொரு டிகிரி குறையும்.

"டிகிரி கெல்வின்" என்று எழுதியவருக்கு மட்டும் தாராளமாக அரை மதிப்பெண் குறையுங்கள். அந்த 'டிகிரி'யை 1967-லேயே எடுத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
வெப்பமானிகளுக்கு அளவுத்திருத்தம் செய்வோர்