குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் கோலப் போட்டி, சுதந்திர தினக் கொடியேற்றம், ஆடிக்குக் கூழ் ஊற்றியது எல்லாம் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. எரியாத தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. மற்றபடி இந்த ஆண்டு என் நேரம் பெரும்பாலும் தண்ணீர் விஷயத்திலேயே போனது. "செயலாளர் என்னதான் செய்கிறார்?" என்று கேட்டவர்கள் இருப்பதால் அதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நாம் சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறோம், மூக்கனேரியும் பக்கத்தில்தான், இவர்களுக்கென்ன தண்ணீர்க் கஷ்டம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆனால் நம் காலடியில் இருப்பது கெட்டிப் பாறை. வெடிப்பில் தண்ணீர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் எத்தனை அடி போர் இறக்கினாலும் பாறை மாவுதான் வரும். குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரும் முறை வைத்துத்தான் வருகிறது.

2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாமும் வீட்டுக்கு வீடு குழி போட்டோம், அத்தோடு மறந்துவிட்டோம். இந்த முறை மூடியைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் மண், பால் கவர், உடைந்த ஓடு, ஒரு வீட்டில் பாதாம் மர வேர் குழியையே அடைத்துக்கொண்டு நின்றது. 1000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர், அத்தனையும் இத்தனை வருஷமாகச் சாக்கடைக்குப் போயிருக்கிறது! ஒத்துழைத்த வீடுகளில் மண்ணை அள்ளிவிட்டு ஜல்லியும் மணலும் புதிதாகப் போட்டோம். அடுத்த மழையில் மாடிக் குழாயிலிருந்து வந்த தண்ணீர் தேங்காமல் மடமடவென்று உள்ளே இறங்கியதை வந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும்.

அப்புறம் வீட்டுக்குள். டேங்க் நிரம்பித் தெருவில் ஓடுவதுதான் நம் பகுதியின் பெரிய வீண், மிதவை வால்வு போட்டால் அன்றோடு நின்றுவிடும். குழாய் சொட்டுகிறதா, இரவில் அடியில் ஒரு சொம்பு வைத்துக் காலையில் பாருங்கள், உடனே வாஷர் மாற்றுவீர்கள். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும். ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு அதிகம், அதைச் செடிக்கு ஊற்றாமல் தரை துடைக்க வையுங்கள். தென்னைக்கு அடிமரத்தை ஒட்டி ஊற்றுவதால் பயன் குறைவு, ஐந்தாறு அடிக்கு வட்டப் பாத்தி கட்டி, தேங்காய் மட்டையாலும் சருகாலும் மூடாக்கு போட்டு, வெயில் தாழ்ந்த பிறகு விடுங்கள். பட்டப்பகலில் டியூப் பிடித்து வாசலைக் கழுவுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், தெளிக்க ஒரு வாளி போதும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். குழி தூர்வாரக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தவர்கள் அதே நாலைந்து பேர்தான், அதிலும் வயதான ஐயாமார்களும் அம்மாமார்களும். கோடையில் லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்யச் சொல்லி இரவு பத்து மணிக்கு போன் செய்பவர்கள், கூட்டத்துக்கு மட்டும் ஊரில் இருப்பதில்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. பெயர் எழுதவில்லை, அவரவருக்குத் தெரியும்.

கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது, விரும்புபவர்கள் பார்க்கலாம். வரவு சந்தாவும் சிலர் மனமுவந்து கொடுத்ததும், செலவு பெரும்பாலும் ஜல்லி, மணல், கூலி. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், இடம் கொடுத்த கோயில் நிர்வாகத்தினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே தொடர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆள் வந்தால், பாக்கி வந்தால் தொடர்கிறேன், இல்லையென்றால் இளையவர் ஒருவர் பொறுப்பெடுப்பதே நியாயம். மீதியுள்ள குழிகளைச் சித்திரையில் கோடை மழை வருவதற்குள் முடித்தாக வேண்டும். பங்குனி கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயில் முன்னால் கூடுவோம். கடப்பாரையும் கூடையும் சங்கத்திலேயே இருக்கின்றன, ரசீதுப் புத்தகத்தையும் நான் கையோடு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்